பின்பக்கம் வெள்ளையாக இருந்த நோட்டு

மத்திய வங்கியின் கவர்னராக இருந்து பிரதமர் ஆனவர் யாருன்னு கேட்டா, நீங்க உடனே மன்மோகன் சிங் பேரைச் சொல்வீங்க. சரிதான். ஆனா அவருக்கு எட்டு தசாப்தம் முன்னாடி, 1921லேயே, ஜப்பானில் ஒருத்தர் இதே பாதையில் போயிருக்கார். பேரு தகாஹாஷி கொரேகியோ. போன செமஸ்டர் எகனாமிக்ஸ் எலெக்டிவுக்குப் படிக்கும்போது ஒரே ஒரு வரியில் வந்து போனார். அந்த ஒரு வரியைப் பிடிச்சுட்டுப் போனதில் என் பிளேஸ்மென்ட் தயாரிப்பு நாலு நாள் நின்னு போச்சு. அதனால நீங்களும் கொஞ்சம் உட்காருங்க.

1854ல், இப்போ டோக்கியோன்னு நாம சொல்ற எடோவில் பிறந்தார். அப்பா ஷோகன் ஆட்சிக்கு வேலை செய்த ஓவியர். அம்மா அந்த வீட்டில் வேலைக்கு இருந்த பதின்வயதுப் பெண். ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆகலை. பிறந்த சில நாளிலேயே குழந்தையை ஒரு காலாட்படை வீரர் குடும்பத்துக்குத் தத்துக் கொடுத்துட்டாங்க. சாமுராய்னு சொல்லிக்கலாம், ஆனா அந்த ஏணியில் கடைசிப் படி. வளர்த்தது அந்த வீட்டுப் பாட்டி.

யோகோஹாமா துறைமுகத்தில் மிஷனரி குடும்பத்திடம் ஆங்கிலம் கத்துக்கிட்டார். அங்கேயே ஷாண்ட் என்ற வெள்ளைக்கார வங்கி ஊழியரிடம் எடுபிடிப் பையனாகவும் இருந்தார். இந்த ஷாண்ட் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க, கதையில் திரும்ப வருவார்.

1867ல், பதிமூணு வயசுகூட நிறையாத பையன் படிக்கிறதுக்காக அமெரிக்கா கப்பல் ஏறினான். அங்கே ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னாங்க. படிச்சுப் பார்க்காமல் போட்டுட்டான். நாம ஆப் இன்ஸ்டால் பண்ணும்போது கண்ணை மூடிட்டு ஓகே தட்டுற மாதிரிதான். அப்புறம்தான் தெரிஞ்சுது, அது மூணு வருஷக் கொத்தடிமை ஒப்பந்தம். படிக்கப் போனவன் கலிஃபோர்னியாவில் ஓக்லாண்டில் ஒரு வீட்டில் வேலைக்காரன் ஆயிட்டான். அதுக்குள்ள ஜப்பானில் ஷோகன் ஆட்சியே கவிழ்ந்து போச்சு. ஒருவழியா ஒப்பந்தத்திலிருந்து விடுபட்டு 1868 கடைசியில் ஊர் திரும்பினார்.

திரும்பி வந்தவருக்கு ஆங்கிலம் தெரியும். அந்தக் காலத்து ஜப்பானில் அதுவே பெரிய டிகிரி. டோக்கியோவில் அரசுக் கல்லூரியில் ஆசிரியர் வேலை கிடைச்சுது. அதைக் குடியிலும் கெய்ஷா வீட்டிலும் தொலைச்சார். கொஞ்ச நாள் ஒரு கெய்ஷாவோட இசைக்கருவிப் பெட்டியைத் தூக்கிட்டுப் போற வேலைகூடப் பார்த்தார். பிறகு 1871ல் தெற்கே கரட்சு என்ற ஊரில் ஆங்கில வாத்தியாரா போனார். அங்கே அவரிடம் படிச்ச ஒரு மாணவன் பேரு டாட்சுனோ கிங்கோ. வாத்தியாரும் மாணவனும் ஒரே வருஷம் பிறந்தவங்க!

அதுக்கப்புறம் அரசு வேலை. நமக்கு இதுதான் ரொம்ப நெருக்கமான பகுதி. ஜப்பானுக்கு வணிகமுத்திரைச் சட்டமும் காப்புரிமைச் சட்டமும் வருவதற்கு முன்நின்று உழைத்தவர் இவர். காப்புரிமைச் சட்டம் வெளியான ஏப்ரல் 18, 1885 இன்னிக்கும் அங்கே கண்டுபிடிப்பு நாள். அமெரிக்கா, ஐரோப்பா போய் அங்கே எப்படி நடக்குதுன்னு பார்த்துட்டு வந்து, 1887ல் காப்புரிமை அலுவலகத்தின் முதல் தலைவர் ஆனார். இத்தோட செட்டில் ஆயிருக்கலாம்.

ஆகலை. வேலையை விட்டுட்டு பெரு நாட்டில் வெள்ளிச் சுரங்கம் தோண்டக் கிளம்பினார். முதலீட்டாளர்கள் பணம், சொந்தப் பணம், ஜப்பானிலிருந்து கூட்டிப்போன தொழிலாளர்கள். ஆண்டீஸ் மலையில் ஏறிப் போய்ப் பார்த்தால், ஏற்கெனவே சுரண்டி எடுத்து முடிச்ச சுரங்கம். இவங்க நம்பிப் போன ஆய்வறிக்கை பொய். (லேப் ரெக்கார்டில் ரீடிங்கைப் பக்கத்து பெஞ்சில் பார்த்து எழுதுறவங்க இந்த இடத்தில் ஒரு நிமிஷம் யோசிக்கலாம். நானும்தான்.) 1890ல் ஊர் திரும்பினார். வீட்டை வித்தார். ஊரெல்லாம் மோசடிக்காரன்னு பேச்சு.

1892ல் அவருக்குக் கிடைச்ச வேலை, ஜப்பான் வங்கிக்குப் புதுசா கட்டிட்டிருந்த தலைமையகத்தின் கட்டுமான அலுவலகத்தில் நிர்வாக வேலை. அந்தக் கட்டடத்தின் ஆர்க்கிடெக்ட் யாருன்னு நினைக்கிறீங்க? டாட்சுனோ கிங்கோ. கரட்சுவில் இவர்கிட்ட ஏ பி சி டி படிச்ச அதே பையன். லண்டனில் படிச்சுட்டு வந்து, ஜப்பானின் முதல் பெரிய ஆர்க்கிடெக்ட்களில் ஒருத்தர் ஆயிட்டார். முப்பத்தெட்டு வயசில், பழைய காப்புரிமை அலுவலகத் தலைவர், தன் மாணவன் நடத்தும் சைட்டில் கணக்குப் பார்க்க உட்கார்ந்தார். ஜூனியர் நமக்கு முன்னாடி ஆஃபர் வாங்கினாலே நாம கேன்டீன் பக்கம் தலைகாட்ட மாட்டோம். இவர் போனார், வேலையைப் பார்த்தார். 1891ல் பெரிய பூகம்பம் வந்திருந்ததால் டிசைனை மாத்தினாங்க. முழுக்கக் கல்லாகக் கட்டாமல், மேல் தளங்களைச் செங்கல்லில் கட்டி வெளியே மட்டும் கல் பதிச்சு எடையைக் குறைச்சாங்க. 1896ல் கட்டி முடிச்ச அந்தக் கட்டடம் இன்னும் நிற்குது.

சைட் ஆபீசிலிருந்து கிளை மேலாளர், அங்கிருந்து மேலே மேலே. 1899ல் ஜப்பான் வங்கியின் துணை கவர்னர்.

1904ல் ரஷ்யாவோட போர். துப்பாக்கிக்கும் கப்பலுக்கும் வெளிநாட்டுப் பணம் வேணும். கடன் வாங்கிட்டு வான்னு இவரை அனுப்பினாங்க. ஜப்பான் ஜெயிக்கும்னு அப்போ யாரும் நம்பலை. லண்டனில் அவருக்கு உதவின வங்கியாளர்களில் ஒருத்தர் ஷாண்ட்! எடுபிடிப் பையனாக இருந்தவர் இப்போ ஒரு நாட்டுக்காகக் கடன் கேட்டு வந்து நிற்கிறார். அவங்க தயாரா இருந்தது பாதித் தொகைக்குத்தான், 50 லட்சம் பவுண்டு. மீதிப் பாதியைக் கொடுத்தது நியூயார்க் வங்கியாளர் ஜேக்கப் ஷிஃப். ஒரு விருந்தில் பழக்கம் ஆனவர். ரஷ்யாவில் யூதர்களைக் கொன்னு குவிச்சதில் ஜார் ஆட்சி மேல் அவருக்கு ஆறாத கோபம். அடுத்த வருஷத்துக்குள் நாலு தவணையில் மொத்தம் 8 கோடியே 20 லட்சம் பவுண்டு திரட்டினார் தகாஹாஷி. ஜப்பான் ஜெயிச்சுது.

இங்கே நான் கொஞ்சம் தடுமாறினேன். ஹீரோ கதையா எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன். ஆனா அந்தப் போர் முடிஞ்சு அஞ்சே வருஷத்தில் ஜப்பான் கொரியாவையே விழுங்கிடுச்சு. அந்த ராணுவத்துக்குச் சோறு போட்ட பணத்தில் இவர் கையும் இருக்கு. இதை மறைச்சுட்டு மீதியை எழுதினா, பெரு சுரங்க அறிக்கை எழுதினவருக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை.

1911ல் கவர்னர். 1913ல் நிதியமைச்சர், கூடவே செயுகாய் கட்சியில் உறுப்பினர். 1918ல் ஹரா தகாஷி அமைச்சரவையில் மறுபடி நிதி. ராணுவத்தின் தலைமைத் தளபதி அலுவலகம் அமைச்சரவைக்குப் பதில் சொல்லாது, நேரா சக்கரவர்த்திக்குக் கட்டுப்பட்டது. அதையே கலைச்சுடணும்னு 1920ல் தகாஹாஷி ஒரு குறிப்பு எழுதி அச்சடிச்சும் வெச்சுட்டார். ஹரா பதறிப்போய் வெளியே விடாமல் தடுத்தார்.

1921 நவம்பரில் ஹராவை டோக்கியோ ரயில் நிலையத்தில் ஒரு இளைஞன் குத்திக் கொன்னான். அந்த நிலையமும் டாட்சுனோ வடிவமைச்சதுதான். அடுத்த பிரதமர் தகாஹாஷி. ஏழே மாசம். கட்சிக்குள்ள சண்டை, இவருக்கு ஆளைப் பிடிச்சு வெச்சுக்கத் தெரியலை, ராஜினாமா. பிரதமராக அவர் சொல்லிக்கிற மாதிரி எதுவும் செய்யலைன்னுதான் எனக்குத் தோணுது. அவருடைய பெரிய நாட்கள் அதுக்கு அப்புறம் வந்தது.

1927 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் அன்றைய நிதியமைச்சர், மூடாத ஒரு வங்கி மூடிடுச்சுன்னு வாய் தவறிச் சொல்லிட்டார். அந்த வங்கி நிஜமாவே மூடிச்சு. பயம் தொத்திக்கிட்டு அடுத்தடுத்து வங்கிகள் வாசலில் கூட்டம். ஏப்ரலில் அரசே கவிழ்ந்துது. ஓய்வில் இருந்த 72 வயசு தகாஹாஷியைக் கூப்பிட்டு நிதியமைச்சர் ஆக்கினாங்க. அவர் ரெண்டு நாள் எல்லா வங்கிகளையும் மூட வெச்சார், மூணு வாரம் கடன் செலுத்துவதை நிறுத்தி வெச்சார். நடுவில் கிடைச்ச நேரத்தில் நோட்டு அச்சடிக்கச் சொன்னார். ரெண்டு பக்கமும் அச்சடிக்க அவகாசம் இல்லை. அதனால முன்பக்கம் மட்டும். பின்பக்கம் வெறும் வெள்ளைத்தாள். 200 யென் நோட்டு. வங்கி திறந்தப்போ கவுண்டரில் கட்டுக் கட்டாய் அடுக்கி வெச்சாங்க. வந்தவங்க குவியலைப் பார்த்தாங்க. பணம் இருக்குன்னு தெரிஞ்சதும், எடுக்கணும்ங்கிற அவசரம் போயிடுச்சு.

2016 நவம்பரில் நான் ஏழாவதோ எட்டாவதோ. அப்பாவோட ஏடிஎம் வரிசையில் நின்னிருக்கேன். முன்னாடி நிற்கிறவர் திரும்பிப் பார்த்து உள்ளே காசு இருக்கான்னு கேட்பார், யாருக்கும் தெரியாது. அந்த வரிசை ஞாபகம் இருக்கிறவங்களுக்கு அந்த நோட்டுக் குவியலோட மதிப்பு புரியும். வேலை முடிஞ்சதும், ஒன்றரை மாசத்துக்குள் தகாஹாஷி பதவியை விட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டார்.

உருண்டை முகம், உருண்டை உடம்பு. ஊர் மக்கள் வெச்ச பட்டப்பெயர் தருமா. காஞ்சிபுரத்திலிருந்து போனவர்னு நம்ம ஊரில் சொல்ற போதிதர்மரைத்தான் அங்கே தருமான்னு சொல்றாங்க. அவர் உருவத்தில் ஜப்பானில் ஒரு பொம்மை உண்டு, தஞ்சாவூர் பொம்மை மாதிரி தள்ளிவிட்டாலும் எழுந்து உட்காரும்.

கடைசியாக எழுந்தது 1931 டிசம்பரில். முந்தின நிதியமைச்சர் இனோவே, இவரும் ஒரு பழைய ஜப்பான் வங்கி கவர்னர், 1930 ஜனவரியில் யென்னைப் பழைய விலையிலேயே தங்கத்தோட கட்டிப் போட்டிருந்தார். உலகமே மந்தத்தில் விழுந்த நேரம். பட்டு விலை சரிஞ்சுது. வடகிழக்குக் கிராமங்களில் பெண்பிள்ளைகளை விற்கிற நிலைமை. 77 வயசில் பதவியேற்ற அன்றே தகாஹாஷி தங்கத்தின் கட்டை அவிழ்த்தார். 100 யென்னுக்கு சுமார் 50 டாலர் இருந்தது, ஒரு வருஷத்தில் சுமார் 20 டாலர் ஆச்சு. ஜப்பான் சரக்கு உலகச் சந்தையில் மலிவாச்சு. கிராமங்களில் சாலை, கால்வாய் வேலைகள். அதுக்குப் பணம்? அரசு கடன் பத்திரம் எழுதும், ஜப்பான் வங்கியே நேரா வாங்கிக்கும்.

இந்த யோசனையை அவர் 1929லேயே ரொம்ப எளிமையா விளக்கியிருந்தார். ஒருத்தர் கெய்ஷா விருந்தில் செலவு பண்ற காசு அவருக்கு வீண்தான். ஆனா அது சமையல்காரருக்குப் போகும், அங்கிருந்து மீன்காரருக்கும் விவசாயிக்கும் போகும், அவங்களும் செலவு பண்ணுவாங்க. இளமையில் அந்தப் பக்கம் சுத்தினது வீண்போகலைன்னு தோணுது! நம்ம சிலபஸில் வரும் கெய்ன்ஸின் பெரிய புத்தகம் வெளிவந்தது 1936 பிப்ரவரியில்.

மருந்து வேலை செஞ்சுது. மேற்கு நாடுகள் பலவும் எழுந்திருக்கும் முன்னாடியே ஜப்பான் எழுந்துடுச்சு. ஆனா திறந்த குழாயில் யார் குடம் வைக்கிறாங்கன்னு பாருங்க. மஞ்சூரியாவைப் பிடிச்ச ராணுவத்துக்கு வருஷா வருஷம் அதிகப் பணம். செலவில் ஏறக்குறைய பாதி அவங்களுக்கே போயிட்டிருந்துது. இதுக்கிடையில் 1932 பிப்ரவரியில் இனோவேயைச் சுட்டுக் கொன்னாங்க. மே மாதம் கடற்படை அதிகாரிகள் பிரதமர் இனுகாயைச் சுட்டுக் கொன்னாங்க, சில நாள் தகாஹாஷி தற்காலிகப் பிரதமர். அடுத்து யாருன்னு அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

தொழிற்சாலைகள் முழு வேகத்தில் ஓட ஆரம்பிச்சதும், இனியும் நோட்டடிச்சா விலைவாசிதான் ஏறும்னு அவர் கணக்குப் போட்டார். குழாயை மூடணும். 1935 நவம்பர் கடைசியில் அமைச்சரவை ராத்திரி முழுக்க பட்ஜெட்டுக்காக மல்லுக்கட்டிச்சு. 81 வயசுக்காரர் ராணுவ அமைச்சர் முகத்துக்கு நேரா, நாட்டின் சக்திக்கு மீறின ராணுவம் நாட்டையே அழிக்கும்ங்கிற மாதிரி பேசினார். செய்தி பத்திரிகையில் வந்துது. இளம் அதிகாரிகள் படிச்சாங்க.

1936 பிப்ரவரி 26. டோக்கியோவில் பனி. விடியும் முன்னாடி சுமார் 1,400 சிப்பாய்கள் நகரத்தின் பல இடங்களுக்குப் பிரிஞ்சு போனாங்க. அகாசாகாவில் தகாஹாஷி வீட்டுக் கதவை உடைச்சு மாடிக்கு ஏறின அதிகாரிகள், படுக்கையில் இருந்தவரைச் சுட்டாங்க, வாளாலும் வெட்டினாங்க. கிளர்ச்சி மூணே நாளில் அடங்கிடுச்சு. ஆனா அடுத்து வந்த நிதியமைச்சர் ராணுவம் கேட்டதைக் கொடுத்தார். குழாயும் அதுக்கான வழிமுறையும் தயாரா இருந்துது, வெச்சவர் தகாஹாஷி. 1937ல் சீனாவோட முழுப் போர்.

இதைப் பத்தி ஹாஸ்டலில் ராத்திரி ஒரு மணி வரைக்கும் விவாதம். மூட முடியாத குழாயை எதுக்குத் திறக்கணும்னு என் ரூம்மேட் கேட்டான். அப்போ பட்டினி கிடந்த கிராமத்துக்கு என்ன பதில்னு நான் கேட்டேன். ரெண்டு பேரும் தூங்கப் போயிட்டோம். 1947ல் ஜப்பான் போட்ட புது நிதிச் சட்டம் மத்திய வங்கி அரசுக் கடன் பத்திரத்தை நேரா வாங்குறதைத் தடை பண்ணிச்சு. 1951ல் 50 யென் நோட்டில் அவர் முகத்தை அச்சடிச்சாங்க. இந்த முறை ரெண்டு பக்கமும்.

அவரைக் கொன்ன அந்த மர வீட்டை அவர் இறந்த பிறகு பிரிச்சு, அவரைப் புதைச்ச கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டு போயிட்டாங்க. அதனால போர்க்கால குண்டுவீச்சில் தப்பிச்சுடுச்சு. இப்போ டோக்கியோ பக்கத்தில் கொகனேய் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் நிற்குது. செருப்பைக் கழட்டிட்டு உள்ளே போகலாம். அந்த அறை மாடியில் இருக்கு.