அல்காரிதம் என்பது ஒருவரின் பெயர்

வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் கம்பெனிகளுக்கு பஸ் ஏறும் நம் பிள்ளைகளில் பலருக்கு, புரோகிராமிங் என்றாலே அது ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் என்ற தயக்கம். அந்தத் துறையின் அடிப்படைச் சொல்லான அல்காரிதம் யாருடைய பெயர் என்று நாம் அவர்களுக்குச் சொன்னதுண்டா?

முஹம்மது இப்னு மூஸா அல் குவாரிஸ்மி சுமார் 780-இல் பிறந்தார். கலீஃபா மஃமூன் காலத்தில் பக்தாத் பைத்துல் ஹிக்மாவில் பணியாற்றினார். சுமார் 850-இல் மறைந்தார். இந்திய எண்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 12-ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்குப் போனது. அங்கே அவர் பெயர் அல்கோரிட்மி ஆனது. அதுவே இன்றைய அல்காரிதம்.

அவருடைய அல்ஜப்ர் நூலில் குறியீடுகளே கிடையாது, எல்லாம் சொற்கள்தான். (பிற்பகுதி முழுக்க வாரிசுச் சொத்துப் பங்கீட்டுக் கணக்குகள்!) அதில் ஒரு கணக்கு: ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அந்த எண்ணின் பத்து மடங்கைக் கூட்டினால் 39. எண் எது? பத்தில் பாதி 5. அதன் வர்க்கம் 25. 39-ஐக் கூட்டினால் 64. வர்க்கமூலம் 8. அதில் 5 போக 3.

புரோகிராம் என்பதும் இப்படிப் படிப்படியாகச் சொல்வதுதான். புதிதாகப் பழகுபவர்கள் இந்த ஐந்து படிகளையும் முதலில் தமிழில் நோட்டில் எழுதட்டும். பிறகு பைத்தானில் ஐந்து வரிகளாக. 39-க்குப் பதில் 56 கொடுத்தால் 4 வர வேண்டும். வராவிட்டால், எந்தப் படியில் பிசகியது என்று தேடுவதே அடுத்த பயிற்சி.