வீட்டைப் பட்டறையாக்கிய வில்லியம் ஹெர்ஷல்
(பத்தாம் வகுப்பு மாணவி)

ஒளியியல் பாடத்தில் குழி ஆடியைப் பற்றி நாம் படித்திருக்கிறோம். ஆய்வகத்தில் அதை மரத்தாங்கியில் நிறுத்தி, எதிரே மெழுகுவர்த்தியை ஏற்றி, திரையில் தலைகீழாக விழும் பிம்பத்தைப் பார்த்துக் குதூகலித்தும் இருக்கிறோம். ஆனால் அந்த ஆடியைச் செய்தவர் யார், எப்படிச் செய்தார் என்று நாம் ஒரு நாளாவது கேட்டதுண்டா? கடையில் கிடைக்காத ஆடியைத் தம் வீட்டிலேயே வார்த்து, தேய்த்து, மெருகேற்றி, அதைக் கொண்டு வானத்தில் ஒரு புதிய கோளையே கண்டெடுத்த ஓர் இசைக் கலைஞரின் வரலாற்றை இங்கே காண்போம்.

வில்லியம் ஹெர்ஷல் 1738ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகரில் பிறந்தார். தந்தை ஐசக் இராணுவ இசைக்குழுவில் ஓபோ என்னும் குழல் வாசித்தவர். மகனும் அதே குழுவில் சேர்ந்தார். 1757இல் போர்க்காலக் குழப்பத்தில் இங்கிலாந்து சென்ற அவர், இசையையே பிழைப்பாகக் கொண்டு பல ஊர்களில் அலைந்து, 1766இல் வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்போன பாத் நகரில் ஓர் ஆலயத்தின் ஆர்கன் வாசிப்பவரானார். பகலெல்லாம் செல்வர் வீட்டுப் பெண்களுக்கு இசைப்பாடம், மாலையில் கச்சேரி என்று ஓய்வின்றி உழைத்தார். இரவில் மட்டும் படுக்கையில் கணிதமும் ஒளியியலும் படிப்பார்.

1772இல் தம் தங்கை கரோலினை ஹானோவரிலிருந்து அழைத்து வந்தார். பத்து வயதில் வந்த கொடிய காய்ச்சலால் கரோலினின் வளர்ச்சி நின்றுவிட்டது. அவர் உயரம் 4 அடி 3 அங்குலம்தான்! அவரைப் படிக்க வைக்க விரும்பாத தாய், வீட்டு வேலைக்கே வைத்திருந்தார். கரோலினுக்குப் பதில் ஒரு வேலைக்காரியை அமர்த்திக்கொள்ள ஆண்டுதோறும் பணம் தருவதாக வில்லியம் ஒப்புக்கொண்ட பிறகே தாய் அனுப்பினார். மகளின் விலை ஒரு வேலைக்காரியின் சம்பளம்! இதைப் படித்தபோது எங்கள் வகுப்பில் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.

அண்ணன் தங்கைக்குப் பாட்டும் ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக் கொடுத்தார். தங்கை நல்ல பாடகியாகிக்கொண்டிருந்த வேளையில்தான் அண்ணனை வானியல் பித்துப் பிடித்தது. 1773இல் வில்லைகள் வாங்கி நீண்ட தொலைநோக்கி செய்து பார்த்தார். அட்டையால் குழாய் செய்யும் வேலை கரோலினுக்கு. 20 அடி நீளக் குழாய் நிமிர்ந்து நிற்குமா? வளைந்து தொங்கியது. பிறகு தகரக் குழாய் வந்தது. அதுவும் கையாளக் கடினமாக இருக்கவே, ஆடித் தொலைநோக்கியே ஏற்றது என்று முடிவு செய்து, பெரிய ஆடிக்கு இலண்டனுக்கு எழுதி விலை கேட்டார். அவர் கேட்ட அளவில் அங்கே ஆடி இல்லை. செய்து தரக் கேட்ட விலையோ அவருக்குக் கட்டுபடியாகவில்லை.

அப்போது பாத் நகரிலேயே ஒருவர், பொழுதுபோக்காக ஆடி தேய்த்துப் பழகியவர், அந்த வேலையை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டார். அவரிடம் இருந்த தேய்ப்புக் கருவிகள், சாணைக் கற்கள், அரைகுறையாக நின்ற ஆடிகள் எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக விலைக்கு வாங்கிவிட்டார். பழைய சாமான்தான், ஆனால் அந்தக் கருவிகளைத் தொட்டுத் தொட்டுத்தான் அவர் தொழிலைக் கற்றுக்கொண்டார்.

அதன் பிறகு அந்த வீடு பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. அழகாக அலங்கரித்திருந்த வரவேற்பறையில் தச்சர் ஒருவர் குழாயும் தாங்கியும் செய்துகொண்டிருந்தார். இளைய சகோதரர் அலெக்சாண்டர் பிரிஸ்டல் நகரிலிருந்து பெரிய கடைசல் இயந்திரம் ஒன்றைக் கொண்டு வந்து படுக்கை அறையில் நிறுத்தினார். கண்ணருகு வில்லைகளை அதில்தான் கடைவார்கள். கச்சேரி இடைவேளையில் உடை மாற்றவும் நேரமில்லாமல் வில்லியம் ஓடிவந்து வேலை செய்வதால், சட்டையின் சரிகைக் கைமடிப்புகள் கிழிந்தும் உருக்கிய கீல் தெறித்தும் பாழாயின. அவற்றைத் துவைத்துத் தைப்பவர் யார் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

ஒரு சனிக்கிழமை இரவு கச்சேரி முடிந்து சகோதரர் இருவரும் பதினோரு மணிக்கு மேல் வீடு திரும்பினர். மறுநாள் முழுவதும் கடைசல் வேலை செய்யலாம் என்ற மகிழ்ச்சி. திடீரென்று உளிகள் மழுங்கியிருப்பது நினைவுக்கு வந்தது. சாணைக்கல்லோ வீட்டுக்காரருடையது, பொது முற்றத்தில் கிடந்தது. ஞாயிறு காலையில் ஊரார் கண்முன் சாணை பிடிக்க வெட்கம். ஆகவே அந்த நள்ளிரவிலேயே லாந்தர் விளக்கோடு ஓடினர். சற்று நேரத்தில், ஒரு விரல் நகத்தை இழந்து மயங்கிய அண்ணனை அலெக்சாண்டர் தாங்கிப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

ஆடி செய்யும் முறையையும் சிறிது பார்ப்போம். அக்காலத்து ஆடி கண்ணாடி அன்று, உலோகம். ஏறத்தாழ இரண்டரைப் பங்கு தாமிரத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்து உருக்குவார்கள். ஈயம் கூடினால் பளபளப்பு கூடும். ஆனால் எளிதில் உடையும். உருகிய உலோகத்தை ஊற்ற அச்சு வேண்டுமல்லவா? களிமண்ணோடு குதிரைச் சாணத்தை உரலில் இடித்து, மெல்லிய சல்லடையில் சலித்துக் கலந்து அச்சு செய்தார்கள். முடிவே இல்லாத அந்த வேலையில் கரோலினும் பங்கேற்றார். குடும்ப நண்பரான வாட்சன் என்னும் அறிஞர் வந்தால் உலக்கையைத் தம் கையில் வாங்கிக்கொள்வாராம். வார்த்த தட்டைச் சரியான குழிவு வரும் வரை தேய்த்து, பிறகு கீல் பூசிய கருவியால் மெருகேற்ற வேண்டும். மெருகேற்றும்போது இடையில் கையை எடுத்தால் வடிவம் கெட்டுவிடும் என்று, ஒருமுறை வில்லியம் தொடர்ந்து 16 மணி நேரம் கையை எடுக்கவேயில்லை! கரோலின் உணவைத் துண்டு துண்டாக அவர் வாயில் ஊட்டினார். அலுப்புத் தெரியாமலிருக்க அராபிய இரவுக் கதைகளையும் டான் குவிக்சாட்டையும் படித்துக் காட்டினார். இத்தனை பாடுபட்டும் அந்த உலோகம் ஈரக்காற்றில் மங்கிவிடும். மீண்டும் மெருகிட வேண்டும். அதனால் மாற்றி வைக்க இன்னோர் ஆடியையும் ஆயத்தமாக வைத்திருப்பார்கள்.

பலன் கிடைத்தது. 1781ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் இரவு, நியூ கிங் தெரு 19ஆம் எண் வீட்டுத் தோட்டத்தில், தாமே செய்த 7 அடித் தொலைநோக்கியில் ஒரு புள்ளி விண்மீனைப் போலன்றிச் சிறு வட்டமாகத் தெரிந்தது. வால்மீன் என்றே அவர் முதலில் நினைத்தார். பின்னரே அது சனிக்கு அப்பாலுள்ள கோள் என்று தெளிவாயிற்று. அதுவே யுரேனஸ்.

அதே ஆண்டு ஆகஸ்டில் இன்னும் பெரிய ஆசை. 3 அடி அகல ஆடி! தோட்டத்தை ஒட்டிய கீழ் அறையில் உலை மூட்டி, 500 ராத்தலுக்கும் மேற்பட்ட உலோகத்தை உருக்கினர். முதலில் வார்த்தது ஆறும்போதே விரிசல் விட்டது. இரண்டாம் முறை உலையின் அடி பிளந்து, உருகிய உலோகம் தரையில் ஆறாய் ஓடியது. சூடு தாங்காமல் தரைக்கற்கள் வெடித்துக் கூரை வரை பறந்தன. வேலையாட்கள் ஒரு வாசல் வழியாகவும், சகோதரர்கள் மறு வாசல் வழியாகவும் உயிர் தப்பினர். களைத்துப்போன வில்லியம் அங்கிருந்த செங்கல் குவியலின்மேல் விழுந்துவிட்டார்.

1782இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் அவருக்கு ஆண்டுக்கு 200 பவுண்டு ஊதியம் அளித்தார். இசைத்தொழில் அத்துடன் முடிந்தது. வருமானம் குறைந்ததால் தொலைநோக்கிகள் செய்து விற்றார். பின்னர் ஸ்லோ என்ற ஊரில், மன்னர் தந்த 4000 பவுண்டில், 40 அடித் தொலைநோக்கியை 1789இல் நிறுவினார். அதன் 4 அடி ஆடியை முதலில் 24 ஆட்கள் முறைவைத்து இரவும் பகலும் மெருகிட்டனர். மனிதக் கைகள் சமமாகத் தேய்ப்பதில்லை என்று கண்டு, அதற்கென ஓர் இயந்திரத்தையும் அமைத்தார். ஆயினும், உண்மையைச் சொன்னால், அந்தப் பெரிய கருவியைக் கையாளுவது பெருந்தொல்லை; அவர் அதிகம் பயன்படுத்தியது 20 அடிக் கருவியையே. 1822ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் நாள் அவர் காலமானார்.

கரோலினை மறக்க எங்களால் முடியவில்லை. 1778இல் பர்மிங்காம் இசைவிழாவில் பாட அழைப்பு வந்தபோது, அண்ணன் நடத்தாத மேடையில் பாடமாட்டேன் என்று மறுத்தவர் அவர். அண்ணன் இசையை விட்டதும் அவர் குரலும் ஓய்ந்தது. அவரிடம் விருப்பம் கேட்கப்பட்டதா? கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? எங்களுள் சிலர் மகிழ்ச்சியோடு வந்திருப்பார் என்றனர். சிலர் இல்லை என்றனர். அண்ணன் செய்து கொடுத்த சிறு தொலைநோக்கியில் 1786 ஆகஸ்ட் 1ஆம் நாள் அவர் ஒரு வால்மீனைக் கண்டார். 1797க்குள் அந்த எண்ணிக்கை 8 ஆயிற்று. 1787 முதல் மன்னர் அவருக்கும் ஆண்டுக்கு 50 பவுண்டு கொடுத்தார். தம் விருப்பம்போல் செலவிடலாம் என்று அவர் கையில் வந்த முதல் பணம் அதுவே; அப்போது அவருக்கு வயது 37. 1828இல் இலண்டன் வானியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. 1848இல் ஹானோவரில், 97ஆம் வயதில் மறைந்தபோது, அவர் விருப்பப்படி அண்ணனின் தலைமுடிக் கற்றை ஒன்றைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்தனர்.

நியூ கிங் தெரு வீடு 1981 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே தோட்டத்தை ஒட்டிய பட்டறையில், அன்று உருகிய உலோகம் ஓடிப் பிளந்த தரைக்கற்கள் அப்படியே கிடக்கின்றன.