வேலையை அளந்த அறிஞர் ஜூல்

அன்றாடம் நாம் பல வேலைகளைச் செய்கிறோம். ஆயினும் இயற்பியல் கூறும் வேலை சற்று வேறானது. ஒரு பொருளின்மீது விசையைச் செலுத்த, அவ்விசையின் திசையில் அது இடம்பெயர்ந்தால்தான் வேலை நடந்ததாகும். நாள் முழுதும் சுவரைத் தள்ளினாலும் அது அசையாவிடில் சுவரின்மீது செய்த வேலை சுழியே. விசையை இடப்பெயர்ச்சியால் பெருக்கினால் வேலையின் அளவு கிடைக்கும். அதன் அலகு ஜூல். அப்பெயருக்குரிய அறிஞரின் வரலாற்றை இங்குக் காண்போம்.

ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் 1818ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் இங்கிலாந்தில், மான்செஸ்டரை அடுத்த சால்ஃபோர்டில் பிறந்தார். தந்தையார் பீர் ஆலை ஒன்றின் உரிமையாளர். உடல்நலம் குன்றிய சிறுவரான ஜூல் வீட்டிலேயே கல்வி பயின்றார். அணுக்கொள்கையை வகுத்த ஜான் டால்ட்டன் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். ஜூல் பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அல்லர்; ஆலைப் பணிக்கிடையே ஆய்வுகள் நடத்தினார்.

அக்கால அறிஞர் பலர் வெப்பத்தை ஒருவகைப் பாய்பொருள் என்றே நம்பினர். செய்யப்படும் வேலையே வெப்பமாக மாறுகிறது என்றார் ஜூல். 1843இல் அயர்லாந்தின் கார்க் நகரில் அவர் இதனை எடுத்துரைத்தபோது அவையோர் பொருட்படுத்தவில்லை. ஜூல் மனந்தளரவில்லை.

நீர் நிறைந்த கலத்தினுள் துடுப்புச் சக்கரம் ஒன்றைப் பொருத்தினார். கப்பிகளின்மேல் சென்ற கயிறுகளில் எடைகளைத் தொங்கவிட்டார். எடைகள் இறங்க, சக்கரம் சுழன்று நீரைக் கலக்கியது. நீர் மிகச் சிறிதளவு சூடேறியது. எடையே விசை; அது இறங்கிய தொலைவே இடப்பெயர்ச்சி. நுண்ணிய வெப்பமானியைக் கொண்டு மீண்டும் மீண்டும் அளந்தார். ஒரு பவுண்டு நீரை ஒரு பாரன்ஹீட் பாகை சூடாக்க, 772 பவுண்டு எடை ஓரடி இறங்க வேண்டும் என 1850இல் வெளியிட்டார்.

இதற்கிடையே, 1847இல் ஆக்ஸ்ஃபோர்டில் அவர் பேசியதைக் கேட்ட இளம் பேராசிரியர் வில்லியம் தாம்சன் அக்கருத்தின் அருமையை உணர்ந்தார். பின்னர் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்றவர் அவரே. முன்னர் ஜூலின் கட்டுரையை வெளியிட மறுத்த ராயல் சொசைட்டி, 1850இல் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது.

1889ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் ஜூல் மறைந்தார். பிற்காலத்தில் மேலும் செம்மையாக அளந்து அவர் கண்ட 772.55 என்னும் எண் அவரது கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளது.

பத்துக் கிலோகிராம் நிறையுள்ள வாளியை ஒரு மீட்டர் உயரம் தூக்கினால், நாம் செய்யும் வேலை ஏறத்தாழ 98 ஜூல். வாளி தூக்கும் எளிய உழைப்பையும் அளக்க அவர் பெயரே பயன்படுகிறது. பட்டம் இல்லாதிருந்தும், பலர் புறக்கணித்தும், அளந்து கண்ட உண்மையை அவர் கைவிடவில்லை. அவ்வுறுதியை நாமும் பெறுவோமாக!