தொலைவில் நின்று பார்த்தவர்

பொங்கல் விடுமுறையில் மாமல்லபுரம் கடற்கரைக்கும் மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கலுக்கும் மக்கள் திரளாகச் செல்வது வழக்கம். வேடந்தாங்கல் ஏரிக்குள் நிற்கும் மரங்களில் பறவைகள் அடைகாப்பதும் குஞ்சுகளுக்கு இரையூட்டுவதும் அதே நாள்களில்தான். மனிதரின் விடுமுறையும் பறவைகளின் பேறுகாலமும் ஒன்றாக அமைந்துவிட்ட இந்தச் சிக்கலைச் "சூழல் சுற்றுலா" என்ற ஒற்றைச் சொல்லால் கடந்துவிட முடியாது. இதைச் சிந்திக்கும்போது நினைவுகூர வேண்டியவர், காட்டுயிர் எழுத்தாளர் மா. கிருஷ்ணன்.

1912 ஜூன் 30-ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தவர் கிருஷ்ணன். தந்தை, "பத்மாவதி சரித்திரம்" எழுதிய அ. மாதவையா. 1925-இல் சென்னைப் பல்கலைக்கழகச் செனட் கூட்டத்தில், பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று வாதிட்டுப் பேசி முடித்த சற்று நேரத்தில் மாதவையா உயிர் நீத்தார். அப்போது கடைக்குட்டியான கிருஷ்ணனுக்கு வயது பதின்மூன்று.

சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்றார். பின்னர் சட்டமும் படித்தார். ஆயினும் வழக்குரைஞர் தொழில் அவரை ஈர்க்கவில்லை. 1942-இல் இன்றைய கர்நாடகத்தில் இருந்த சண்டூர் என்னும் சிறிய சமஸ்தானத்தில் பணியில் சேர்ந்தார். ஆசிரியர், நீதிபதி, அரசரின் செயலாளர் எனப் பல பொறுப்புகள் அவரிடம் வந்தன. ஓய்வு வேளைகளெல்லாம் அந்த மலைக்காட்டில் கழிந்தன. சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபின் 1949-இல் சென்னை திரும்பிய அவர், வேறு வேலை தேடாமல் மயிலாப்பூரில் தங்கி, எழுத்தையும் ஒளிப்படத்தையும் நம்பி வாழத் துணிந்தார். பொருளியல் கணக்கில் அது ஆதாயமற்ற முடிவு. ஆனால், அதனால் நாட்டுக்குக் கிடைத்த ஆதாயம் பெரிது.

1950-இல் கொல்கத்தாவின் "தி ஸ்டேட்ஸ்மன்" நாளிதழில் அவர் தொடங்கிய பத்தி, 1996 பிப்ரவரி 18-இல் அவர் மறையும்வரை 46 ஆண்டுகள் தொடர்ந்தது. ஆங்கிலத்தில் புகழ் பெற்றாலும் தமிழை அவர் கைவிடவில்லை. அவருடைய தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்து "மழைக்காலமும் குயிலோசையும்" என்ற நூலாக்கினார். 1968-இல் ஜவாஹர்லால் நேரு ஆய்வு நல்கையும் 1970-இல் பத்மஸ்ரீ விருதும் கிருஷ்ணனை அடைந்தன.

அவருடைய ஒளிப்படக்கலையே ஒரு கொள்கை விளக்கம் எனலாம். பல பாகங்களைத் தாமே ஒன்றிணைத்து உருவாக்கிய கனமான கேமராவைச் சுமந்து சென்று, கருப்பு வெள்ளையில் மட்டும் படமெடுத்தார். விலங்கைத் துரத்தாமல், அது தன் இயல்பில் இருக்கும் நொடிக்காகக் காத்திருப்பதே அவர் முறை. சரணாலயம் என்பது முதலில் அங்கு வாழும் உயிர்களுக்கானது. பார்வையாளரின் வசதி அதன் பின்னரே என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அழகுக்காக அயல்நாட்டு மரங்களை நடுவதையும் அவர் கடுமையாக எதிர்த்தார். இயற்கையை அழகுபடுத்துவதாக எண்ணி நாம் செய்யும் வேலை பெரும்பாலும் அதைக் குலைப்பதிலேயே முடியும் என்பது அவர் கருத்து.

அவர் விரும்பிச் சென்று, கூர்ந்து நோக்கி எழுதிய இடங்களுள் ஒன்று வேடந்தாங்கல். சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள அந்தச் சிற்றேரியைக் காத்தது நுழைவுக் கட்டணம் அன்று. பறவைகளைச் சுட்ட ஆங்கிலச் சிப்பாய்களைப் பற்றி அவ்வூர் மக்கள் முறையிட, 1798 வாக்கில் செங்கல்பட்டுப் பகுதி ஆட்சியர் லயனல் பிளேஸ் பாதுகாப்பு ஆணை வழங்கினார். மக்கள் அப்படி முறையிட்டதற்கு ஒரு நல்ல பொருளாதாரக் காரணமும் இருந்தது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர், வயலுக்கு உரமாகவும் அமைந்தது. ஊர் பறவைக்கு அமைதி தந்தது. பறவை ஊருக்கு விளைச்சல் தந்தது. தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத வழக்கமும் அந்த உறவின் தொடர்ச்சிதான்.

சுற்றுலா இந்தக் கணக்கை மாற்றிவிடுகிறது. வருவாய் விடுதிக்கும் உணவகத்துக்கும் வாகன உரிமையாளருக்கும் போகிறது. இழப்பு பறவைக்கும் உழவருக்கும் நேர்கிறது. இரைச்சலுக்கு அஞ்சித் தாய்ப்பறவை கூட்டைவிட்டு எழுந்தால், முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காகத்துக்கும் இலக்காகின்றன. இந்த இழப்பு எந்தச் சுற்றுலாக் கணக்கிலும் பதிவாவதில்லை.

வேடந்தாங்கல் ஏரி பறவைகளுக்குக் கூடு கட்டும் இடம் மட்டுமே. நத்தைக்குத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் இரை தேடுவது சுற்றுப்புற ஏரிகளிலும் நெல்வயல்களிலும்தான். அவை மனைப்பிரிவுகளாகவும் விடுதிகளாகவும் மாறிவிட்டால், ஏரியை மட்டும் வேலியிட்டுக் காப்பதில் பொருளில்லை. ஏரியைச் சுற்றி 5 கி.மீ. வரையுள்ள பாதுகாப்புப் பரப்பைக் குறைக்கும் முன்மொழிவு 2020-இல் வந்தபோது எழுந்த எதிர்ப்பின் நியாயம் இதுவே. 2022-இல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் ராம்சர் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. அந்தப் பெருமை பாதுகாப்பைக் கூட்ட வேண்டுமே தவிர, கூட்டத்தைக் கூட்டும் விளம்பரமாகிவிடக் கூடாது.

கடற்கரைக்கும் இதே அளவுகோல் பொருந்தும். கோவளம் முதல் கல்பாக்கம் வரையிலான மணற்கரையில், ஆண்டின் தொடக்க மாதங்களில் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடுகின்றன. பொரித்து வெளிவரும் குஞ்சுகள் கடலின் மெல்லொளியை நோக்கி நகரும் இயல்புடையவை. கரையோர விடுதிகளின் விளக்குகள் அவற்றைச் சாலைப் பக்கம் இழுத்துவிடுகின்றன. இயற்கையழகைக் காட்டி வாடிக்கையாளரை அழைக்கும் விடுதி, அந்த சில மாதங்களுக்குக் கடலை நோக்கிய விளக்குகளை அணைத்து வைப்பது பெரிய செலவன்று.

சுற்றுலாவே கூடாது என்பதன்று இதன் பொருள். பறவையைக் கண்டு வியக்காத குழந்தை, வளர்ந்தபின் அதைக் காக்க முன்வராது. ஆனால், ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு தாங்குதிறன் உண்டு. கூடு கட்டும் பருவத்தில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் என்ற வரம்பு வேண்டும். கட்டண வருவாயில் ஒரு பங்கு, ஏரிநீரை நம்பி வாழும் ஊருக்கே திரும்ப வேண்டும். சுற்றியுள்ள நீர்நிலைகளும் காக்கப்பட வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, எத்தனை குஞ்சுகள் சிறகு முளைத்துப் பறந்தன என்பதே ஒரு சரணாலயத்தின் ஆண்டுக் கணக்காக இருக்க வேண்டும்.

அரை நூற்றாண்டுக்கு மேல் காட்டைப் பார்த்த கிருஷ்ணன், அதனிடம் தமக்கென எதையும் கேட்கவில்லை. தொலைவில் நின்றார், காத்திருந்தார், கண்டதை எழுதினார். அடுத்த முறை வேடந்தாங்கல் கரையில் நிற்கும்போது, கைப்பேசியை ஒலியடக்கி அவரைப் போலச் சற்று நேரம் அமைதியாகப் பார்ப்பது நம்மாலும் இயலக்கூடியதே.