காற்றைப் பிரித்துக் காட்டிய லவாய்சியர்

நாம் சுவாசிக்கும் காற்றில் என்னென்ன இருக்கிறது? நைட்ரஜன் 78 சதவீதம், ஆக்சிஜன் 21 சதவீதம்னு நாம டக்குனு சொல்லிடுவோம். ஆனால் காற்று என்பது ஒரே பொருள் என்றுதான் ரொம்ப காலம் நினைத்தார்கள். ஒரு பொருள் எரிந்தால் அதிலிருந்து புளோஜிஸ்டன் என்று ஒன்று வெளியே போகிறது என்றும் நம்பினார்கள். இதையெல்லாம் மாற்றியவர் லவாய்சியர்.

இவர் 1743 ஆகஸ்ட் 26 அன்று பாரிஸ் நகரில் பிறந்தார். அப்பா வக்கீல். சின்ன வயசிலேயே அம்மா இறந்துட்டாங்க. இவரும் சட்டம்தான் படித்தார், ஆனால் மனசெல்லாம் அறிவியல் மேல். 1768-ல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் உறுப்பினர் ஆனார். அதே வருஷம் அரசருக்காக மக்களிடம் வரி வசூலிக்கும் கம்பெனியில் பங்கு வாங்கினார். அதில் வந்த பணத்தில் நல்ல நல்ல தராசும் கருவிகளும் வாங்கினார். அந்தப் பங்குதான் பிறகு அவருக்கு எமனாக வந்தது.

1771-ல் மேரி ஆன் என்பவரைத் திருமணம் செய்தார். அவருக்கு அப்போ வயசு 13தான்! நம்ம வகுப்புப் பிள்ளைகளை விடச் சின்னவர். இந்தக் காலமா இருந்தா கல்யாணத்தையே நிறுத்தியிருப்பாங்க. ஆனால் மேரி சும்மா இருக்கவில்லை. ஆங்கிலம் கற்றுக்கொண்டு கணவருக்காக நூல்களை மொழிபெயர்த்தார். ஓவியம் கற்றுக்கொண்டு 1789-ல் வந்த கணவரின் வேதியியல் நூலுக்குக் கருவிகளின் படங்களை வரைந்தார்.

இப்போ முக்கியமான சோதனைக்கு வருவோம். லவாய்சியர் பாதரசத்தை மூடிய கருவியில் வைத்து 12 நாள் சூடாக்கினார். பாதரசத்தின் மேல் சிவப்புத் தூள் படிந்தது. உள்ளே 50 கன அங்குலம் இருந்த காற்று சுமார் 42 ஆகக் குறைந்துவிட்டது. மிச்சக் காற்றில் மெழுகுவர்த்தி அணைந்தது, எலி மூச்சுத் திணறியது. பிறகு அந்தச் சிவப்புத் தூளை மட்டும் தனியாக அதிகமாகச் சூடாக்கினார். குறைந்துபோன காற்று அப்படியே திரும்பி வந்தது! அதில் மெழுகுவர்த்தி பளிச்சென்று எரிந்தது. இரண்டையும் கலந்தார். பழையபடி சாதாரணக் காற்று கிடைத்தது. அப்போ காற்று ஒரே பொருள் இல்லை என்று புரிகிறது அல்லவா?

எரிய வைத்த பகுதிக்கு ஆக்சிஜன் என்று பெயர் வைத்தவர் இவர்தான். ஆனால் அந்த வாயுவை முதலில் பிரித்தவர்கள் ஷீலேயும் பிரீஸ்ட்லியும். பிரீஸ்ட்லி 1774-ல் பாரிஸுக்கு வந்து இவரிடமே அதைச் சொன்னார். அதை இவர் சரியாக எழுதி வைக்காதது பெரிய குறைதான்.

1789-ல் பிரெஞ்சுப் புரட்சி வந்தது. வரி வசூலித்தவர்கள் மேல் மக்களுக்குப் பயங்கரக் கோபம். 1794 மே 8 அன்று கில்லட்டின் இயந்திரத்தில் லவாய்சியரின் தலை வெட்டப்பட்டது. வயது 50. அதே நாளில் மேரியின் அப்பாவும் கொல்லப்பட்டார். மேரியும் சிறைக்குப் போனார். வெளியே வந்ததும் அழுதுகொண்டே உட்காராமல், கணவர் விட்டுப்போன கட்டுரைகளைப் புத்தகமாக வெளியிட்டார்.

இன்னொரு ஆச்சரியம். நைட்ரஜன் என்று நினைத்த மிச்சக் காற்றுக்குள் ஆர்கானும் ஒளிந்திருந்தது. காற்றில் அது ஒரு சதவீதம் கூட இல்லை. அதை ராலேயும் ராம்சேயும் கண்டுபிடித்தது 1894-ல், லவாய்சியர் இறந்து சரியாக 100 வருஷம் கழித்து! அவர்களும் நிறுத்து, அளந்து பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

தோழிகளே, தோழர்களே! பெரியவங்க சொன்னாங்க, புத்தகத்தில் இருக்கு என்பதோடு விட்டுடாம, நாமும் அளந்து பார்த்து நம்பப் பழகுவோம்.