தண்டனை யாருக்கு என்று கேட்டவர்

அண்ணல் அம்பேத்கர் என்றதும் அரசமைப்புச் சட்டம் நினைவுக்கு வருகிறது. அதற்கு முன்பே, 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைக்கு அவர் பொறுப்பேற்றிருந்தார். சட்டத்தை மதிக்காத முதலாளியை என்ன செய்வது என்ற கேள்விக்கு அந்தப் பதவியில் இருந்தபடிதான் விடை எழுதினார்.

பம்பாய் பரேலில், மில் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த குடியிருப்பில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர் அவர். அந்த மில்களில் கூலி அதிகம் கிடைக்கும் நெசவுப் பிரிவில் தலித்துகளைச் சேர்க்க மாட்டார்கள். அறுந்த நூலை வாயில் வைத்து ஈரப்படுத்த வேண்டியிருப்பதால் தீட்டாகிவிடும் என்று சாதி இந்துத் தொழிலாளர்கள் காரணம் சொன்னார்கள். 1928 மில் வேலைநிறுத்தத்தின்போது, இந்தத் தடையை நீக்குவதையும் கோரிக்கையில் சேர்க்க வேண்டும் என்று அண்ணல் வற்புறுத்தினார்.

1936-இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1938-இல் பம்பாய் மாகாண அரசு தொழில் தகராறு மசோதாவைக் கொண்டுவந்தது. சட்டவிரோதம் எனப்படும் வேலைநிறுத்தத்தில் இறங்கும் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப அது வழிசெய்தது. சட்டமன்றத்தில் அதைக் கடுமையாக எதிர்த்தார். நவம்பர் 7 அன்று கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து ஒருநாள் வேலைநிறுத்தமும் நடத்தினார்.

சில ஆண்டுகள் கழித்துச் சட்டம் எழுதும் பேனா அவர் கைக்கு வந்தது. 1926-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிற்சங்கத்தைப் பதிவு செய்யலாம். ஆனால் முதலாளி அதை மதித்துப் பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1943 நவம்பர் 13 அன்று மத்திய சட்டமன்றத்தில் அண்ணல் ஒரு திருத்த மசோதாவை முன்வைத்தார். தகுதியுள்ள சங்கத்தை முதலாளி அங்கீகரித்தே ஆக வேண்டும். மறுத்தால் அது தண்டனைக்குரிய குற்றம் என்றது அந்த மசோதா. தொழிலாளிக்கு மட்டும் காட்டப்பட்ட சிறைக் கம்பியை எதிர்த்தவர், சட்டத்தின் பிடியை முதலாளியின் பக்கமும் திருப்பினார்.

ஆலைகளில் வார வேலைநேரம் 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைந்ததும் அவர் பொறுப்பில் இருந்த காலத்தில்தான். ஆனால் சங்க அங்கீகார மசோதா அவர் பதவிக்காலத்தில் நிறைவேறவில்லை. 1947-இல் சட்டமாகியும் கடைசிவரை நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. தண்டனை தாளிலேயே தங்கிவிட்டது.

அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்பின்றி ஆளை இறக்கினால் 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். மறுபடியும் செய்தால் 5 ஆண்டு, 5 லட்சம் வரை போகும். இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இழப்பீடு வேறு, தண்டனை வேறு. பணம் கைமாறியதோடு கதை முடிந்தால், வேலைக்கு இறக்கியவர் அடுத்த ஆளைத் தேடிப் போய்விடுவார்.

நம் ஊரில் இப்படி ஒரு சாவு நடந்தால் இழப்பீட்டோடு நிற்காமல் மூன்று கேள்விகளையும் கேட்போம். முன்பே நோட்டீஸ் கொடுக்கப்பட்டதா? அதை மீறியவர் மீது வழக்கு எந்தப் பிரிவில் பதிவானது? தண்டனை கிடைத்ததா? தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும். ஏப்ரல் 14-இல் சிலைக்கு மாலை போடும் கைகள் அந்த மனுவையும் எழுதட்டும்.