முகமது அலி கான் வாலாஜா

முகமது அலி கான் வாலாஜா (1717 - அக்டோபர் 13, 1795) ஆற்காடு நவாபாக ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆட்சி செய்தவர் ஆவார். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை உதவியால் ஆட்சியைப் பெற்ற இவர், அக்கம்பெனியின் அலுவலர்களிடம் வாங்கிய கடன்களுக்காகப் பரவலாக அறியப்படுகிறார்.

ஆட்சிக்கு வருதல்

இவருடைய தந்தை அன்வருதீன் கான் 1749ஆம் ஆண்டு ஆம்பூர்ப் போரில் கொல்லப்பட்டார். முகமது அலி திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் தஞ்சம் புகுந்தார். பிரெஞ்சுக்காரர் ஆதரித்த சந்தா சாகிப் 1752இல் கொல்லப்பட்டதும் இவருடைய நிலை வலுப்பெற்றது. 1763ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கை இவரை நவாபாக ஏற்றுக்கொண்டது.

செங்கல்பட்டு ஜாகீர்

போர்ச் செலவுகளைக் கம்பெனி நவாபின் பற்றில் எழுதியது. 1763இல் நவாப் சென்னையைச் சூழ்ந்த செங்கல்பட்டுப் பகுதியைக் கம்பெனிக்கு ஜாகீராக வழங்கினார். பின்னர் அதே நிலத்தைக் கம்பெனியிடமிருந்து தாமே குத்தகைக்கு எடுத்து 1780 வரை வரி வசூலித்தார். அவ்வாண்டு நிகழ்ந்த ஐதர் அலியின் படையெடுப்பில் இவ்வட்டாரம் பேரழிவுக்கு உள்ளானது.

கடன்கள்

கம்பெனிக்குச் செலுத்த வேண்டிய தொகைக்காகவும், படைச் செலவுக்காகவும் நவாப் கம்பெனி அலுவலர்களிடம் தனிப்பட்ட முறையில் கடன் பெற்றார். வட்டி தொடக்கத்தில் ஆண்டுக்கு 20 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தது. ஈடாக மாவட்டங்களின் வரி வருவாய் கடன் கொடுத்தோருக்கு எழுதித் தரப்பட்டது. இதனால் வட்டியின் சுமை இறுதியில் உழவர்கள் மீதே விழுந்தது.

கடன் கொடுத்தோருள் முதன்மையானவர் பால் பென்ஃபீல்டு. 1773இல் நவாப் கைப்பற்றிய தஞ்சாவூரை ஆளுநர் பிகாட் 1776இல் அதன் மன்னரிடம் திருப்பி அளித்தபோது, அந்நாட்டு வருவாயின் மீது தமக்கு உரிமை உண்டு எனப் பென்ஃபீல்டு வாதிட்டார். இப்பூசலில் பிகாட் தம் ஆலோசனைக் குழுவினராலேயே சிறைப்பிடிக்கப்பட்டு, 1777இல் காவலில் இறந்தார்.

பிரித்தானிய நாடாளுமன்றத்தில்

கடன்களின் உண்மைத்தன்மையை ஆராயாமலே அவற்றைத் தீர்க்குமாறு இலண்டனிலிருந்த கட்டுப்பாட்டு வாரியம் ஆணையிட்டது. ஆண்டுக்கு 12 இலட்சம் வராகன் இதற்கென ஒதுக்கப்பட்டது. 1785 பிப்ரவரியில் எட்மண்டு பர்க் இதனை நாடாளுமன்றத்தில் கடுமையாகக் கண்டித்தார். எனினும் முடிவு மாறவில்லை.

மறைவும் பின்விளைவும்

வாலாஜா சென்னையில் காலமானார். திருச்சிராப்பள்ளி நத்தர்வலி தர்காவில் இவருடைய அடக்கத்தலம் உள்ளது. 1801இல் கம்பெனி ஆற்காட்டின் ஆட்சியை முழுமையாக எடுத்துக்கொண்டது. கடன்களை ஆராய 1805இல் ஆணையர்கள் நியமிக்கப்பட்டனர். கோரப்பட்ட 3 கோடி பவுண்டுக்கு மேற்பட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானதே உண்மையான கடன் என ஏற்கப்பட்டது. பென்ஃபீல்டு 1810இல் பாரிசில் வறுமையில் இறந்தார். நவாப் 1768இல் கட்டிய சேப்பாக்கம் அரண்மனை இன்றும் சென்னையில் உள்ளது.